எதிர்க்கரையில் எண்ணியவர்

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாலத்தடி வாகனத் தரிப்பிடத்தில் நின்று, நான் தவநாதன் அண்ணையைத் திட்டிக்கொண்டிருந்தேன். இடுப்புக்கு மேல் வரும் ரப்பர் காற்சட்டையை மாட்டி, வரைபடத் தாள்களைப் பலகையில் செருகி, கொண்டுபோன தேத்தண்ணீரையும் குடித்து முடித்தாயிற்று. ஆள் வரவில்லை. இரண்டு தரம் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஓய்வு பெற்றவர், தொண்டராகத்தான் வருகிறார், குளிருக்குச் சுருண்டு படுத்திருப்பார், வரமாட்டன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் பொல்லாத கோபம். தனியாகவே இறங்கி என் கரையில் நடந்தேன். எங்கள் படிவத்தில் இரண்டு நிரல்கள் உண்டு. இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவருக்கு. வலப்பக்க நிரலில் பேனையால் 'வரவில்லை' என்று எழுதி, கீழே ஒரு கோடும் அழுத்தி இழுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் ஒரு பெண்பிள்ளை அழைத்தாள். "ஹலோ, வசந்தி அன்ரியோ? நான் தவநாதன்ர மகள், அபிராமி. அப்பா போயிட்டார். வெள்ளிக்கிழமையே எண்டு டொக்டர் சொல்றார். ஹார்ட்." கல்கரியில் வேலை செய்பவள். ஞாயிற்றுக்கிழமை தகப்பன் போனை எடுக்கவில்லை என்று கட்டடப் பொறுப்பாளரைக் கொண்டு கதவைத் திறப்பித்து, அன்றைக்கே விமானம் ஏறி வந்திருக்கிறாள். அவள் தொடர்ந்தாள். "பிரிஜ்ஜில உங்கட பேரும் நம்பரும் இங்கிலிசில ஒட்டியிருக்கு. பக்கத்தில 'மீன்' எண்டு எழுதியிருக்கிறார். சொறி அன்ரி, நீங்கள் ஆர்?"

நான் யார் என்று சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. உங்கப்பாவோடு வேலை செய்தனான் பிள்ளை என்றேன். அவரை ஏசிக்கொண்டு நான் தண்ணீருக்குள் நின்ற நேரம் அவர் செத்து ஒரு நாள் ஆகியிருந்தது.

தவநாதன் அண்ணையை அறிந்தவர்கள் ரொறன்ரோவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். டோர்செட் பார்க்கில் அவர் இருந்த தொடர்மாடியில், கோயிலில், வாசிகசாலையின் தமிழ்ப் பகுதியில் கண்டிருப்பீர்கள். பழுப்புத் தொப்பி, எந்நேரமும் தோளில் ஒரு பை. மனைவி பிரிந்து போய்க் கனகாலம். "மீனோட வேலை செய்யிறவர்" என்பதற்கு மேல் அவருடைய வேலை என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் நான் சொல்ல வந்த மற்றதைச் சொல்ல ஏலாது.

நகரத்தின் கிழக்கே ஏரியில் வந்து விழும் ஆறுகளில் ஒன்றைத்தான் நாங்கள் நடந்தோம். பெயரை எழுதினால், ஆறுகளைப் பராமரிக்கும் எங்கள் அலுவலகத்தில் சிலருக்கு முகம் சுருங்கும், ஆகவே எங்கள் ஆறு என்றே எழுதுகிறேன். இலையுதிர்காலத்து மழைக்கு ஏரியிலிருந்து சால்மன் மீன்கள் அதில் ஏறி வரும். பெண் மீன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிக் குழி செய்து முட்டையிடும். அந்த இடம் மட்டும் பாசி கழன்று வெளிறித் தெரியும். அதைத்தான் கூடு என்போம். கூடுகளை எண்ணினால், எத்தனை மீன் வந்தது, எத்தனை குஞ்சு வசந்தத்தில் கீழே போகும், மூன்று நாலு வருடத்தில் எத்தனை திரும்பும் என்று கணினியில் ஒரு மாதிரி, மொடல் என்பார்களே, அதைக் கட்டலாம். மழையையும் தண்ணீரின் சூட்டையும் அதற்குள் போடலாம். இந்த இடத்துச் சீமெந்துத் தடுப்பை உடைத்தால் என்ன நடக்கும், உடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அதனிடம் கேட்கலாம். அந்த மாதிரியைக் கட்டியவர் தவநாதன் அண்ணை. ஆற்றை என்ன செய்வது என்று மேலிடத்தில் முடிவெடுப்பவர்கள் கேட்டது அவர் சொன்ன எண்ணைத்தான்.

சனி ஞாயிறுகளில் மீன் பாய்வதைப் பார்க்க எங்கள் ஆட்களும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒருநாள் ஒரு அங்கிள் கரையில் நின்று அவரை மறித்துக் கேட்டார். "தம்பி, உது ரின்னில வாற சமன் மீன்தானே? பிடிச்சுக் குழம்பு வைக்கலாமோ?" இவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். "வைக்கலாம் அங்கிள். ஆனா ஆத்துக்குள்ள ஏறினாப் பிறகு உது ஒண்டும் தின்னாது. இருந்த கொழுப்பெல்லாம் முட்டைக்குப் போட்டுது. இப்ப குழம்பு வைச்சால் கடுதாசியைத் தின்ன மாதிரி இருக்கும்." அங்கிள் விடவில்லை. "அப்ப முட்டையைப் பொரிக்கலாமே?" அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி தண்ணீருக்குள் விழுந்து, நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

இறுதிக் கிரியையில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, சால்மன் மீனைப் போலப் பிறந்த மண்ணை நினைத்து ஏங்கியவர் என்று உருகி உருகிப் பேசினார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெட்டிக்குள் கிடந்தவர் அதைக் கேட்டிருந்தால் எழும்பிப் போயிருப்பார். இந்த ஒப்பீட்டைக் கேட்டாலே அவருக்கு எரிச்சல் வரும். "மீனுக்கு ஊர்ப்பாசம் எண்டு ஒண்டும் இல்லை வசந்தி. குஞ்சில இருந்த தண்ணியின்ர மணம் அதுக்குத் தெரியும், அவ்வளவுதான். அதிலயும் கொஞ்சம் வழிமாறிப் பக்கத்து ஆத்துக்குப் போகும். அதுகளையும் நான் எண்ண வேணும்." என்னை அவர் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாளும் 'நீ' என்றதில்லை.

இனி எண்ணும் முறையைச் சொல்ல வேண்டும். இரண்டு பேர், இரண்டு கரை, ஒரே வேகம். அவரவர் கண்ட கூட்டை அவரவர் வரைபடத்தில் குறிப்பது. கரைக்கு வரும்வரை ஒருவர் மற்றவருக்கு ஒன்றும் சொல்லக் கூடாது. ஏன் என்று நான் கேட்டபோது, மதியச் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினார். "நான் பத்துக் கூடு கண்டன், நீரும் பத்துக் கண்டனீர் எண்டு வையும். ரெண்டு பேரும் கண்டது ஐஞ்சு. அப்ப உம்மட பத்தில நான் பாதியைத்தான் கண்டிருக்கிறன். என்ர கண் பாதிக் கண். பாதி பத்தெண்டால் முழுசு இருபது. நாங்கள் ரெண்டு பேருமாக் கண்டது பதினைஞ்சு. மிச்சம் ஐஞ்சை ஒருத்தரும் காணேல்லை, ஆனா அது இருக்கு." பிறகு கரண்டியால் என்னைச் சுட்டினார். "கண்டதை எண்ண ஆரும் காணும். ஒருத்தரும் காணாததை எண்ணுறதுதான் எங்கட வேலை."

இந்த ஒரு வசனத்தை இந்த மாதம் முழுக்க நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவரையே இரண்டு நாள் ஒருவரும் காணவில்லை.

நான் வந்தது பிந்தித்தான். பல வருடம் அதே அலுவலகத்தில் ஆற்றுத் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்கும் போத்தல்களைக் கழுவி, ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவரோடு ஆறு நடந்தவர் ஓர் இத்தாலியர். பதினொரு வருடம் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். அந்த இத்தாலியர் ஓய்வு பெற்றதும், வசந்தியைத் தாருங்கள் என்று கேட்டவர் தவநாதன் அண்ணை. ஒரு பருவம் பார்ப்போம், சரிவந்தால் வைத்திருப்போம் என்றார் மேலாளர். ஐம்பதை நெருங்கிய வயதில் எனக்குக் கிடைத்த வெளிவேலை. அந்தப் போத்தல்களுக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் மண்டைக்குள் இருந்தது.

முதல் நாளே என் கண் சரியில்லை என்று விளங்கிவிட்டது. பழகாத கண்ணுக்கு வெளிறின கல்லெல்லாம் கூடு, கூடெல்லாம் கல். அப்போதுதான் எதிர்க்கரையிலிருந்து அவருடைய குரல் வந்தது. அவருக்கு வாய்விட்டு எண்ணுகிற பழக்கம். "விழுந்த மரத்துக்குக் கீழ ஒண்டு. பெரிய கல்லுக்கு இடப்பக்கம் ரெண்டு. வளைவில, நாணலுக்குக் கிட்ட, இன்னொண்டு." தனக்குத் தானே, தமிழில், பாட்டுப் படிப்பது போல. இத்தாலியருக்கு அது காற்றுச் சத்தம். எனக்கு விலாசம். விழுந்த மரத்துக்குக் கீழே பார்த்தேன், இருந்தது. குறித்தேன். முதல் நாள் அது தற்செயல். இரண்டாம் நாளிலிருந்து தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. காதைத் தீட்டிக்கொண்டுதான் நடந்தேன்.

பருவம் முடிந்தபோது எங்கள் இருவருடைய தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஒரே தாள். எல்லாருக்கும் சந்தோஷம். நானும் நல்ல கண்காரி என்று பெயரெடுத்து வேலையில் நிரந்தரமானேன். ஆனால் இருவரும் கண்டது அவ்வளவு ஒத்துப்போனால், காணாதது ஒன்றும் இல்லை என்றுதான் மாதிரி நம்பும். எண் மிகவும் குறைந்து வந்தது. எங்கள் ஆற்றில் இரண்டு பழைய தடுப்புகள். கீழ்த் தடுப்பில் மீன் ஏற வழி வெட்டியாகிவிட்டது. மேல் தடுப்பையும் வெட்டுவதா என்பதுதான் கேள்வி. இவ்வளவு கொஞ்ச மீன்தான் மேலே வருகிறது என்றால் வெட்டி என்ன பிரயோசனம் என்று முடிவாயிற்று. தடுப்பு அப்படியே நின்றது.

ஜனவரி மாதம், சாப்பாட்டு அறையில் நானும் அவரும் மட்டும் இருந்த நேரம், அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "வசந்தி, ரெண்டு கண் இவ்வளவு ஒத்துப்போக ஏலாது. நான் எண்ணினது உமக்குக் கேட்டதோ?"

"இல்லை அண்ணை. தண்ணிச் சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை."

"சரி," என்றார். அன்றைக்கு அவர் கொண்டுவந்திருந்தது புட்டும் கத்தரிக்காயும். எனக்கும் கொஞ்சம் எடுத்து வைத்தார். நானும் சாப்பிட்டேன்.

மார்ச் மாதக் கூட்டத்தில் அவர் எழுந்து, சென்ற பருவத்து எண்ணைத் தான் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டதே. என்ன பிழை என்று கேட்டார். எண்ணினதில் பிழை, என் பக்கத்துப் பிழை, இன்னொரு பருவம் எண்ணித் தருகிறேன், அதுவரை மேல் தடுப்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம் என்றார். அதற்கு மேல் எத்தனை விதமாகக் கேட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவருக்கு நேரெதிரே இருந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கூட்டங்களில் அவருடைய வேலையை வேறு ஆள் பேசினார். மனுசனுக்கு வயசு போட்டுது, எண் தடுமாறுது என்று நடைபாதையில் கதைத்தார்கள். அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். பெற்றார் என்பதைவிட, பெறவைத்தார்கள் என்பது சரி.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டுத்தான் போனார். கூட்டம் நடந்த வருடத்து இலையுதிர்காலம் முழுக்க நாங்கள் மறுபடி நடந்தோம். எதிர்க்கரையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. என் கண்ணும் கொஞ்சம் பழகியிருந்தது. நான் கண்டது அவர் காணாதது, அவர் கண்டது நான் காணாதது என்று தாள்கள் பிரிந்து வந்தன. எண் ஏறியது. மேல் தடுப்பை வெட்டினார்கள். இப்போது அந்த வெட்டுக்கு மேலேயும் கூடுகள் இருக்கின்றன. போய்ப் பார்க்க விரும்புபவர்கள் ஒக்ரோபரில் போய்ப் பாருங்கள்.

அவர் மௌனமானதற்கு நான் எடுத்த கருத்து வேறு. என் பொய் அவருக்குத் தெரியும், அதனால்தான் ஆற்றில் என்னோடு கதைக்கிறார் இல்லை என்று நினைத்தேன். நாள் முழுக்கத் தமிழ்க் குரல் கேட்கிற ஒரே இடம் எனக்கு அந்த ஆறுதான். என் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், வீட்டில் நானும் தொலைக்காட்சியும். அந்தக் குரல் நின்றது எனக்குத் தண்டனை மாதிரி இருந்தது, அது எனக்கு வேண்டும் என்றும் இருந்தது. எந்நேரமும் அவர் வாயில் ஓர் இஞ்சி ரொபியைப் போட்டுச் சூப்பிக்கொண்டு நடந்தார். இருமலாக்கும் என்று நினைத்தேன். கரைக்கு ஏறியதும் மிச்ச ரொபியைக் கடித்து விழுங்கிவிட்டு, வழமைபோலக் கதைப்பார், புட்டும் தருவார். ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் வந்தார்.

சொல்லச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்று எழுதினால் அது இரண்டாவது பொய். ஐந்து வருடத்தில் எத்தனை மதியச் சாப்பாடு. இந்த முறை எப்படியும் சொல்ல இருந்தேன், அதற்குள் போய்விட்டார் என்று எழுத எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி ஓர் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. இப்படியே போகும் என்றுதான் இருந்தேன்.

கிரியைகள் முடிந்த அடுத்த நாள் அபிராமி என்னை அவருடைய வீட்டுக்கு வரச்சொன்னாள். ஒற்றை அறை. இரண்டு கதிரைகள், ஒன்றில் வரைபடங்கள் அடுக்கியிருந்தன. நான் கதவடியில் நின்றதும் அவள் அந்த வரைபடங்களைத் தூக்கி நிலத்தில் வைத்து எனக்கு இடம் செய்தாள். அந்தக் கதிரையில் எத்தனை வருடமாக ஒருவரும் இருக்கவில்லையோ தெரியாது. நானும் ஒருநாள் வந்திருக்கலாம். ஸ்காபரோவில்தானே இருக்கிறேன்.

"அன்ரி, இந்தக் கொப்பியெல்லாம் தமிழ் அண்ட் நம்பர்ஸ். ஐ கான்ற் ரீட் இற். உங்களுக்கு வேணுமோ?" ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கொப்பி, ஒழுங்காக அடுக்கியிருந்தார். என் கை நேரே அந்த வருடத்துக்குத்தான் போனது. கடைசிப் பக்கத்தில், அவருடைய சிறிய எழுத்தில், இவ்வளவும் இருந்தது:

'இந்தப் பருவத்தை ஒருவர் மட்டும் எண்ணியதாகவே எடுக்க வேண்டும். நான் வாய்விட்டு எண்ணியிருக்கிறேன். வசந்திக்குத் தமிழ் தெரியும் என்பதை யோசிக்கவில்லை. பிழை என்னுடையது. அவரிடம் இனிக் கேட்கக் கூடாது. அடுத்த முறை வாயில் ரொபி.'

அந்தக் கதிரையில் இருந்து நான் அழுதேன். கிரியை வீட்டில் வராத அழுகை. அபிராமி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "அன்ரி, அதில ஏதும் கூடாததோ?" "இல்லை பிள்ளை," என்றேன். "ரொபியைப் பற்றி எழுதியிருக்கிறார்." அவள் அவருடைய மழைச்சட்டையின் பையைத் தடவி, அரைவாசி முடிந்த ஒரு ரொபிப் பையை எடுத்துத் தந்தாள். "இந்த ரொபியோ அன்ரி? அப்பாக்கு இஞ்சியே பிடிக்காதே."

வேலைக்குத் திரும்பிய அன்று மேலாளரின் அறைக்குப் போய் முழுவதையும் சொன்னேன். தவநாதன் தடுமாறவில்லை, நான்தான் கேட்டு எழுதினேன், கேட்டபோது பொய்யும் சொன்னேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அது எவ்வளவோ காலம், தடுப்பையும் வெட்டியாயிற்று, ஆளும் இல்லை, இனி அதை ஏன் கிளற வேண்டும் என்றார். அந்த வருடக் கோப்பில் எழுத வேண்டும் என்று நின்று எழுதுவித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கோப்பை யார் திறக்கப் போகிறார்கள். ஆகவேதான் அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். அந்த மனிதருக்கு ஓர் எண்ணும் தடுமாறவில்லை. அவர் என்னை மறைத்து நின்றார், நான் மறைவில் நின்றேன்.

கொப்பிகளை அபிராமி எனக்கே தந்துவிட்டாள். அவை இப்போது என் மேசையில் இருக்கின்றன. 'வரவில்லை' என்று எழுதிய படிவமும் இருக்கிறது, பேனை எழுத்து என்பதால் அழிக்க ஏலாது, அழிக்கவும் விரும்பவில்லை. எதிர்க்கரைக்கு அலுவலகம் புதிய ஆள் ஒருவரைத் தந்திருக்கிறது. நல்ல மனிதர், நல்ல கண், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சென்ற சனிக்கிழமை அவரோடு முதல்முறை இறங்கினேன். பாலம் தாண்டி முதல் வளைவு வந்தபோது, என்னை அறியாமலே என் வாய் திறந்துகொண்டது. "விழுந்த மரத்துக்குக் கீழ ஒண்டு. பெரிய கல்லுக்கு இடப்பக்கம் ரெண்டு." எதிர்க்கரையில் அந்த மனிதர் திரும்பியும் பார்க்காமல் தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தார். மேல் தடுப்பு வரைக்கும் அப்படியே சத்தமாக எண்ணிக்கொண்டு போனேன். ரொபிப் பை என் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. அதற்குத் தேவை வரவில்லை.